ஜேர்மன் மருத்துவக் கடிதத்தில் வரும் புற்றுநோய்ச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜேர்மனியின் ரூர் பகுதியில் தமிழ்க் குடும்பங்களுக்காக ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்க்கப் போய்வருகிறேன். நான் டொக்டர் இல்லை. ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோவில் திருவிழாக் கூட்டத்திலும் என்னைக் கண்டால் கைப்பையைத் திறந்து நாலாக மடித்த கடிதமொன்றை நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி நின்றபடி கேட்கப்பட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை. சிகிச்சை பற்றி இங்கே ஆலோசனை எதுவும் இல்லை. கடிதத்தை வாசிக்க மட்டும் இது உதவும். ஜேர்மன் சொற்களைக் காதில் விழும்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தனி எழுத்துகளை மட்டும் ஏ, பி, சி என்று நாங்கள் பள்ளியில் படித்தபடியே எழுதுகிறேன். கடிதத்தில் கண்ணால் தேட அதுதான் வசதி.

கடிதம் முழுக்கத் தேடினேன், "கிரெப்ஸ்" என்ற சொல் எங்கேயும் இல்லை. அப்படியென்றால் புற்றுநோய் இல்லைத்தானே?

அப்படி முடிவு செய்ய முடியாது. கிரெப்ஸ் என்பது புற்றுநோய்க்கு வாயால் பேசும் சொல். அதற்கு நண்டு என்று பொருள். ஜேர்மன் பத்திரிகையின் ராசிபலனில் கடக ராசிக்கும் அதே பெயர்தான். பழைய கிரேக்க மருத்துவர்கள் கட்டியை நண்டு என்றார்கள், இலத்தீன்காரர் அதை மொழிபெயர்த்தார்கள், ஜேர்மன்காரரும் மொழிபெயர்த்தார்கள். எங்களுக்கு அது நண்டாகப் படவில்லை, மண்ணுக்குள் வளரும் புற்றாகப் பட்டிருக்கிறது.

டொக்டர்கள் ஒருவருக்கொருவர் எழுதும் "ஆர்ட்ஸ்ட்பிரீஃப்" என்ற கடிதத்தில் இந்தச் சொல் அபூர்வம். அங்கே "கார்ட்சினோம்", "மலிக்னோம்", "பேஸ்ஆர்ட்டிகெ நொய்பில்டுங்" என்று இருக்கும். கடைசியாகச் சொன்னதற்குக் கெட்ட குணமுள்ள புதிய வளர்ச்சி என்று பொருள். சில இடங்களில் வெறும் "சி-ஏ" என்ற இரண்டெழுத்தோடு முடித்துவிடுவார்கள்.

உறுப்புகளின் பெயரும் இரண்டு விதமாக ஓடும். உங்களோடு கதைக்கும்போது "புறூஸ்ட்கிரெப்ஸ்" என்ற டொக்டர், கடிதத்தில் "மம்மாகார்ட்சினோம்" என்று எழுதுவார். இரண்டும் மார்பகப் புற்றுநோய்தான். "டார்ம்கிரெப்ஸ்" குடற்புற்று; எழுத்தில் "கோலோன்கார்ட்சினோம்" அல்லது "கோலோரெக்டால்" என்று தொடங்கும். "கெபேர்முட்டர்ஹல்ஸ்" கருப்பைக் கழுத்து; எழுத்தில் "ட்செர்விக்ஸ்". கணையத்துக்குப் பேச்சில் "பவுக்ஷ்பைகல்டுரூசெ", அதாவது வயிற்று உமிழ்நீர்ச் சுரப்பி, எழுத்தில் "பாங்கிரெயாஸ்". கதைத்தது ஒன்று, எழுதியது வேறொன்று என்று டொக்டர் மேல் சந்தேகப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது ஒரே நோயின் இரண்டு பெயர்தான்.

"டூமோர்" என்று போட்டிருக்கிறது. அது புற்றுநோய்தானே?

டூமோர் என்றால் கட்டி, வீக்கம். நல்லதா கெட்டதா என்பதை அடுத்த சொல்தான் சொல்லும். "கூட்ஆர்ட்டிக்" என்றால் நல்ல இயல்புடையது, புற்றுநோய் இல்லை. "பேஸ்ஆர்ட்டிக்" என்றால் கெட்ட இயல்புடையது. "கெஷ்வுல்ஸ்ட்" என்பதும் கட்டிக்கு ஜேர்மன்காரர் வீட்டில் சொல்லும் சொல்.

ஸ்கேன் அறிக்கையில் வரும் "ரவும்ஃபோர்டருங்" என்ற நீண்ட சொல்லுக்கு இடம் கேட்பது என்று நேர்ப்பொருள். அங்கே இருக்கக்கூடாத ஒன்று இடம் பிடித்திருக்கிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. நீர்க்கட்டியும் இடம் கேட்கும், சீழ்க்கட்டியும் கேட்கும். ஊசியாலோ கத்தியாலோ திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபின் வரும் "ஹிஸ்டோலொகீ" அறிக்கைதான் அநேகமாக முடிவைச் சொல்லும்.

"ஓம்" என்று முடியும் சொல்லெல்லாம் பயப்பட வேண்டியதா?

இல்லை. அந்த விகுதியை மட்டும் வைத்து எதுவும் தீர்மானிக்க முடியாது. "லிபோம்" கொழுப்புக் கட்டி, "மியோம்" கருப்பைத் தசைக் கட்டி, "ஃபிப்ரோஅடெனோம்" மார்பில் இளம் பெண்களுக்கு அடிக்கடி வரும் கட்டி, மூன்றும் சாதுவானவை. "ஹெமட்டோம்" கட்டியே இல்லை, இரத்தம் கட்டிப்போவது. "கிளவுகோம்" கண் நோய்.

ஆனால் "மெலனோம்", "லிம்ஃபோம்", "மியெலோம்" ஆகியவையும் பார்க்க அப்படியே சாதுவாகத்தான் இருக்கும். அவை மூன்றும் புற்றுநோயின் பெயர்கள். "கார்ட்சினோம்", "ஸார்க்கோம்" இரண்டும் எப்போதும் கெட்டவை. ஆகவே ஓமைப் பார்க்காமல் அதற்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள்.

எந்தச் சொல்லை முதலில் தேட வேண்டும்?

பெரிய சொல்லைத் தேடாதீர்கள். அதன் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சொல்லைத் தேடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க முடியுமென்றால் இதையே வையுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு மாமி, குடும்ப டொக்டர் கொடுத்த துண்டில் "சி50.9" என்ற குறியீட்டைப் பார்த்து இணையத்தில் தேடியிருக்கிறா. மார்பகப் புற்றுநோய் என்று வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம்; டொக்டரின் கதவு பூட்டியாயிற்று. திங்கள் காலைவரை அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. திங்களன்று அந்தத் துண்டை என்னிடம் காட்டினா. சி50.9 என்பதற்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம்விட்டு, ஒற்றை எழுத்து: வி.

ஜேர்மனியில் குடும்ப டொக்டரும் நிபுணரும் நோய்க் குறியீட்டோடு இப்படி ஓரெழுத்தைச் சேர்ப்பார்கள். ஜி என்றால் "கெஸிஷர்ட்", உறுதியானது. வி என்றால் "ஃபெர்டாக்ட்", சந்தேகம் மட்டும். ஏ என்றால் "அவுஸ்கெஷ்லொஸன்", இல்லை என்று கண்டாயிற்று. இசட் என்றால் முன்பு இருந்தது, இப்போது அதற்குப் பிந்திய நிலை. மாமியைச் சோதனைக்கு அனுப்புவதற்குக் காரணம் எழுத வேண்டுமே என்று டொக்டர் அந்தச் சந்தேகத்தைக் குறித்திருந்தார், அவ்வளவுதான். ஊசிச் சோதனையில் ஃபிப்ரோஅடெனோம் என்று வந்தது. ஒரு எழுத்தை விளங்கப்படுத்த அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் கிடைக்காததால் மூன்று நாள் ஒரு குடும்பம் செத்துப் பிழைத்தது.

குறியீட்டின் முதல் பகுதியும் பேசும். சி என்று தொடங்கினால் கெட்ட கட்டிகள். டியில் (D) தொடங்கினால் பல வகை: 00 முதல் 09 வரை இன்னும் பரவத் தொடங்காத ஆரம்ப நிலை, 10 முதல் 36 வரை சாதுவானவை, 37 முதல் 48 வரை எப்படி நடந்துகொள்ளும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதவை.

கடிதத்தின் வசனங்களுக்குள்ளும் இதே கதைதான். "வி.ஏ." என்று சுருக்கியிருந்தால் சந்தேகம். "இசட்.என்." என்றால் "ட்சூஷ்டாண்ட் நாக்", இன்னது நடந்து முடிந்த பின்னான நிலை. "டி.டி." (DD) என்றால் இதுவாக இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம் என்று டொக்டர் யோசிக்கும் பட்டியல், அதிலுள்ள எல்லாமே உங்களுக்கு இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். "ட்சூம் அவுஸ்ஷ்லுஸ்" என்றால் அந்த நோய் இல்லை என்று உறுதிசெய்வதற்காக. "கைன் ஆன்ஹால்ட் ஃபூர் மெட்டாஸ்டாஸன்" என்ற வரியில் மெட்டாஸ்டாஸன் என்ற சொல்லைக் கண்டு கண் இருண்டுபோகும். அதன் தலையில் இருக்கும் "கைன்" என்ற சின்னச் சொல்லுக்கு "இல்லை" என்று பொருள். பரவியதற்கு அறிகுறி இல்லை என்ற நல்ல செய்தி அது.

"பொசிட்டிவ்" என்று இருந்தது, சந்தோஷப்பட்டோம். டொக்டர் ஏன் முகத்தைச் சுருக்கினார்?

தேடியது கிடைத்தது என்பதுதான் மருத்துவத்தில் பொசிட்டிவ். நெறிக்கட்டு (நிணநீர்க் கணு) பொசிட்டிவ் என்றால் அங்கே புற்றுக்கலம் இருந்திருக்கிறது. நெகட்டிவ் என்றால் நல்லது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படியும் இல்லை: மார்பகப் புற்றில் ஹோர்மோன் ஏற்பி பொசிட்டிவ் என்றால் ஹோர்மோனை அடக்கும் மாத்திரை வேலை செய்ய வாய்ப்புண்டு. எது பொசிட்டிவ் என்று முழு வசனத்தையும் கேளுங்கள்.

இதைவிடப் பொல்லாத பொறி "புரோகிரெஸ்". ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் இதில் விழுவார்கள். அப்பாவின் ஸ்கேன் அறிக்கையை வாசித்து "முன்னேற்றம் என்று போட்டிருக்கு" என்று வீட்டாருக்குத் தொலைபேசியில் சொன்ன ஒரு மகளை எனக்குத் தெரியும். முன்னேறியது நோய். புரோகிரெஸ், "புரோகிரெடியென்ட்" இரண்டும் வளர்கிறது என்பதைக் குறிக்கும். சுருங்குகிறது என்றால் "ரெகிரெடியென்ட்". "க்ரோஸென்கொன்ஸ்டான்ட்" என்றால் அளவு மாறவில்லை. "ரெமிஸியோன்" வந்தால் நோய் பின்வாங்கியிருக்கிறது. அதன் முன்னால் "ஃபோல்" என்றிருந்தால் முழுமையாக, "டைல்" என்றிருந்தால் ஒரு பகுதி. "ரெட்சிடிவ்" என்றால் திரும்ப வந்துவிட்டது.

எனக்கு மிகப் பிடித்த ஜேர்மன் மருத்துவச் சொல் "உன்அவுஃப்ஃபெல்லிஷ்". கண்ணில் உறுத்துவதாக எதுவும் இல்லை என்பது அதன் பொருள். பக்கம் முழுக்க அந்தச் சொல் நிறைந்திருந்தால் தேநீர் போட்டுக் குடியுங்கள். "ஓ.பி." (o.B.) என்று சுருக்கியிருப்பதும் அதுபோலத்தான், "ஓனெ பெஃபுண்ட்", பார்த்தோம், ஒன்றும் இல்லை.

பி-டி2, பி-என்1 (pT2, pN1) என்று எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி இருக்கிறதே?

அது உலகம் முழுக்க ஒன்றுதான், ஆகவே ஊரில் இருக்கும் டொக்டர் உறவினருக்கும் விளங்கும். டி (T) கட்டியைக் குறிக்கும், என் (N) என்ற எழுத்து நெறிக்கட்டுகளை, எம் (M) வேறு உறுப்புக்குப் பரவியதை. முன்னால் சின்னதாக சி இருந்தால் ஸ்கேனும் கையும் பார்த்து மதித்தது. பி இருந்தால் வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் கண்டது. ஒய் இருந்தால் கீமோ முதலிய சிகிச்சைக்குப் பிறகு பார்த்தது. என் (N) என்ற எழுத்தோடு அடைப்புக்குள் 2/14 என்று இருந்தால் எடுத்த 14 நெறிக்கட்டில் 2இல் புற்றுக்கலம் இருந்தது.

டி2 என்றால் எல்லா உறுப்பிலும் ஒரே பொருள் இல்லை. மார்பில் அது 2 சென்ரிமீற்றருக்கு மேல் 5 வரை. குடலில் அளவைப் பார்ப்பதே இல்லை, சுவரின் எந்தப் படைவரை இறங்கியது என்றுதான் பார்க்கிறார்கள். அக்காவின் டி2வையும் பக்கத்து வீட்டு அண்ணாவின் டி2வையும் ஒப்பிடாதீர்கள்.

அந்த வரியின் கடைசியில் "ஆர்0" என்று இருந்தால் கைகூப்பலாம். வெட்டிய விளிம்பில் புற்று மீதமில்லை என்று அர்த்தம். ஆர்1 என்றால் நுண்ணோக்கியில் மட்டும் தெரியுமளவு மீதம், ஆர்2 என்றால் கண்ணுக்கே தெரியும் மீதம்.

இன்னொரு குழப்பம். இந்த வரியில் வரும் ஜி, கலங்கள் எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்ற தரம். வி, இரத்த நாளத்துக்குள் புகுந்ததா என்பது. மேலே சொன்ன "உறுதி", "சந்தேகம்" இரண்டுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. எழுத்தோடு எண் ஒட்டியிருந்தால் இந்த வரிசையைச் சேர்ந்தது, நோய்க் குறியீட்டின் பின்னால் தனியாக நின்றால் அந்த வரிசை.

எங்கு பார்த்தாலும் 3 என்று இருக்கிறது. மூன்றாம் கட்டமா?

"ஷ்டாடியும்" என்ற சொல்லோடு வந்தால்தான் அது கட்டம். மார்புப் படத்தில் "பைராட்ஸ் 3" என்றால் பெரும்பாலும் சாதுவானது, சில மாதத்தில் திரும்பப் பார்ப்போம் என்று பொருள். "ஜி3" கலத்தின் தரம்.

பெண்களுக்கு அதிகம் தூக்கம் கெடுப்பது "பாப் 3 டி 1". கடிதத்தில் 3 ரோமன் எண்ணில் நிற்கும். கருப்பைக் கழுத்திலிருந்து துடைத்தெடுத்த கலங்களை ஜேர்மனியில் மியூனிக் வகைப்பாட்டின்படி 1 முதல் 5 வரை பிரிக்கிறார்கள். அது புற்றுநோயின் கட்டம் இல்லை. டி (D) என்பது "டிஸ்பிளாஸீ", கலங்கள் இயல்பிலிருந்து விலகியிருப்பது. 3 டி 1 மெல்லிய விலகல். அது பலருக்குத் தானாகவே மறையும், ஆனால் திரும்ப வரச்சொன்ன நாளுக்குக் கட்டாயம் போக வேண்டும். 3 டி 2 நடுத்தரம். 2ஏ என்று வந்தால் இப்போதைய கலங்கள் நன்றாக இருக்கின்றன, முன்பு ஏதோ இருந்ததால் கவனிக்கிறார்கள் என்று பொருள்.

இந்தப் புற்றுக்குக் காரணம் எச்பிவி என்ற கிருமி என்று கண்டவர் ஹைடல்பெர்க் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் இருந்த ஹரால்ட் ட்சூர் ஹவுஸன். 2008இல் நோபல் பரிசு பெற்றார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிருமி என்றதும் "எனக்கு எப்படி?" என்று வெட்கப்பட்டு, கணவரிடமும் சொல்லாமல், அடுத்த சோதனைக்குப் போகாமல் விட்ட பெண்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். மிகச் சாதாரணமாகப் பரவும் கிருமி அது, வாழ்நாளில் பெரும்பாலானோரைத் தொட்டுப் போவது. அதில் ஒருவருடைய ஒழுக்கமும் இல்லை.

"டொக்டர்கெஷ்வுல்ஸ்ட்" என்றால் என்ன? டொக்டரின் கட்டியா?

காதில் அப்படித்தான் விழும். "டொக்டர்" என்று இங்கே ஒலிப்பது மகள் என்ற ஜேர்மன் சொல், மருத்துவர் இல்லை. மகள் கட்டி, அதாவது முதல் கட்டியிலிருந்து பிரிந்துபோய் வேறிடத்தில் முளைத்தது. டொக்டர்கள் எழுத்தில் "மெட்டாஸ்டாஸெ" என்பார்கள், சிலர் "ஃபிலியே" என்பார்கள். அதுவும் இலத்தீனில் மகள்கள்தான்.

மகள் எங்கே போனாலும் தாய்வீட்டுப் பெயர் போகாது. மார்பிலிருந்து நுரையீரலுக்குப் போனது மார்பகப் புற்றே. அதற்குக் கொடுப்பதும் மார்பகப் புற்றுக்கான மருந்துதான். "இப்போது நுரையீரல் கான்சரும் வந்துவிட்டது" என்று இரண்டு நோயாக எண்ணத் தேவையில்லை.

"க்னோகன்மார்க்" சோதனைக்கு அழைத்தார்கள். முதுகில் ஊசி குத்தினால் நடக்க முடியாமல் போகுமா?

இந்தப் பயத்தால் சோதனையையே மறுத்தவர்கள் உண்டு. ஜேர்மனில் இரண்டு "மார்க்" இருக்கின்றன. க்னோகன்மார்க் என்பது எலும்புக்குள் இருக்கும் மச்சை, இரத்தம் உருவாகும் இடம். "ரூக்கன்மார்க்" என்பது முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாண், தமிழ்நாட்டில் தண்டுவடம் என்பது. மச்சையை இடுப்பெலும்பின் பின்விளிம்பில்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். நீங்கள் கவிழ்ந்தோ சரிந்தோ படுத்திருப்பதால் முதுகில் குத்துவதுபோலத் தோன்றும். முண்ணாணுக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பில்லை. உறிஞ்சும்போது ஒரு கணம் சுள்ளென்று இழுக்கும், அதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

"பி-சிம்ப்டோமாட்டிக்" என்றால் இரண்டாம் நிலையா?

இல்லை. நிணநீர்ப் புற்றில் காரணமில்லாத காய்ச்சல், உடுப்பை மாற்றவேண்டிய அளவு இரவு வியர்வை, 6 மாதத்தில் உடல் எடையில் பத்திலொன்றுக்கு மேல் குறைவது, இவை மூன்றுக்கும் சேர்த்த பெயர். இல்லாவிட்டால் ஏ, இருந்தால் பி. டொக்டர் அறிகுறி கேட்கும்போது "வியர்க்கிறது" என்று மட்டும் சொல்லாமல், இரவில் எத்தனை தரம் உடுப்பு மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.

"பவுக்வாஸ்ஸர்ஸுக்ட்" என்று அகராதியில் தேடினால் போதை என்று வருகிறது. அப்பா குடிப்பதே இல்லையே?

"ஸுக்ட்" என்றால் இன்றைய ஜேர்மனில் அடிமைப் பழக்கம். பழைய ஜேர்மனில் நோய். பழைய பெயர்களில் அந்தப் பழைய பொருளே தங்கிவிட்டது. "கெல்ப்ஸுக்ட்" மஞ்சள் காமாலை. மஞ்சளுக்கு யாரும் அடிமையாவதில்லை. பவுக்வாஸ்ஸர்ஸுக்ட் வயிற்றில் நீர் சேர்வது, எங்கள் வைத்தியர்கள் மகோதரம் என்றது. எழுத்தில் "அஸ்ட்சிட்டெஸ்". ஈரல் நோயிலும் வரும், வயிற்றுக்குள் பரவிய புற்றிலும் வரும். அதனால் குடிகாரர் என்று டொக்டர் எழுதிவிட்டார் எனக் கோபப்பட வேண்டாம்.

"வாஸ்ஸர் இன் டெர் லுங்கெ", நுரையீரலில் தண்ணீர், என்று வாயால் சொல்வார்கள். கடிதத்தில் "பிளொய்ராஎர்குஸ்" என்று இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்கு உள்ளே இல்லை, அதைச் சுற்றியிருக்கும் உறையில். ஊசியால் வடித்தால் மூச்சு இலேசாகும்.

சிகிச்சை நடக்கும்போது வரும் மற்றச் சொற்கள்?

மூன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இவை வீட்டுக்குள் சண்டை மூட்டுபவை.

"ஃபட்டீக்": பிரெஞ்சிலிருந்து வந்த சொல், களைப்பு. ஆனால் நித்திரை கொண்டு எழுந்தாலும் போகாத களைப்பு, சிகிச்சை முடிந்து மாதக்கணக்கிலும் நிற்கக்கூடியது. "எல்லாம் முடிந்துதானே, எழும்பி நடவுங்கோ" என்று சொல்லும் முன் இது ஒரு மருத்துவச் சொல் என்பதை நினைக்க வேண்டும்.

"கக்கெக்ஸீ": புற்றுநோயால் தசையும் எடையும் கரைவது. சாப்பிடாததால் மட்டும் வருவதில்லை. நோயே உடலின் எரிப்பை மாற்றிவிடுகிறது. தட்டு நிறையச் சோறு வைத்து, அவர் இரண்டு வாய் உண்டு தள்ளிவிட, சமைத்தவர் குசினிக்குள் போய் அழுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் சமையலில் பிழை இல்லை, அவருடைய பிடிவாதமும் இல்லை. "எர்னேருங்ஸ்பெராட்டுங்" என்ற உணவு ஆலோசனையைப் புற்றுநோய்ப் பிரிவில் கேளுங்கள்.

"பொலினொய்ரோபதீ": சில கீமோ மருந்துகளால் கை கால் நரம்புகள் பாதிக்கப்படுவது. இதை டொக்டருக்கு எப்படிச் சொல்வது என்று ஓர் அம்மா தவித்தா. "எறும்பு ஊருற மாதிரி என்று சொன்னால் சிரிப்பாரா, பிள்ளை?" என்றா. ஜேர்மன்காரரும் அதையேதான் சொல்கிறார்கள்: "ஆமைஸன்லவுஃபன்", எறும்போட்டம். நான் அதை அப்படியே சொன்னதும் டொக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டு, அடுத்த கீமோவின் அளவைக் குறைப்பது பற்றிப் பேசத் தொடங்கினார். சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை, தண்ணீர் சுடுகிறதா தெரியவில்லை என்றால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

"பாலியாட்டிவ்" என்று போட்டுவிட்டார்கள். கைவிட்டுவிட்டார்களா?

முழுதாகக் குணமாக்கும் நோக்கம் என்றால் "குராட்டிவ்". அது கைகூடாத இடத்தில், நோயைக் கட்டுப்படுத்தி வலியையும் மூச்சிரைப்பையும் குறைக்கும் நோக்கம் பாலியாட்டிவ். "பாலியும்" என்ற இலத்தீன் சொல்லுக்கு மேலங்கி, போர்வை என்று பொருள். பாலியாட்டிவ் கீமோ எடுத்தபடி சில வகைப் புற்றோடு ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. இந்தச் சொல்லை இறுதி நாளோடு மட்டும் சேர்த்து வைத்திருப்பதால், வலிக்கு நல்ல மருந்து கிடைக்கும் வாசலை எங்கள் ஆட்கள் கடைசிவரை தட்டாமல் இருக்கிறார்கள். வீட்டுக்கே வரும் பாலியாட்டிவ் குழுவை ஜேர்மனியில் காப்புறுதி ஏற்கிறது. "எஸ்-ஏ-பி-வி" என்று கேட்டால் தெரியும்.

சில டொக்டர்கள் பேச்சில் "அவுஸ்தெராபியர்ட்" என்பார்கள், வைத்தியம் தீர்ந்துவிட்டது என்பதுபோல. அந்தச் சொல்லை நான் மொழிபெயர்ப்பதில்லை. "எந்த வைத்தியம் தீர்ந்தது, எது இன்னும் இருக்கிறது?" என்று நோயாளி சார்பில் திருப்பிக் கேட்கிறேன். வலிக்கும் மூச்சுக்கும் மனதுக்கும் செய்ய ஏதாவது ஒன்று எப்போதும் இருந்திருக்கிறது.

"ஹைலுங்ஸ்பெவேருங்" முடிந்தது என்று அரசாங்கக் கடிதம் வந்தது.

குணம் நிலைக்கிறதா என்று காத்திருந்து பார்க்கும் காலம் அது, பெரும்பாலும் 5 வருடம். அதுவரை அரசு குறிக்கும் மாற்றுத்திறன் (இயலாமை) அளவு பொதுவாக 50க்குக் குறையாது. முடிந்ததும் குறைக்கப் பார்ப்பார்கள். களைப்பு, நரம்புப் பாதிப்பு, கை வீக்கம் இன்னும் இருந்தால் அவற்றை எழுதி ஒரு மாதத்துக்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம்.

அம்மா தாங்கமாட்டா. அவவுக்குச் சொல்லாமல் எங்களிடம் மட்டும் சொல்லும்படி டொக்டரைக் கேட்கலாமா?

கேட்டால் பெரும்பாலும் மறுப்பார். 2013 முதல் ஜேர்மன் சிவில் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது: சிகிச்சைக்கு முன் நோயாளிக்கே, அவருக்கு விளங்கும்படி, வாய்மூலம் சொல்ல வேண்டும். அம்மாவின் சம்மதமில்லாமல் பிள்ளைகளிடம் சொல்வதுதான் டொக்டருக்குக் குற்றம். எனக்கு விபரம் வேண்டாம், மகளிடம் சொல்லுங்கள் என்று அம்மாவே சொன்னால் அது வேறு. அந்த உரிமை அவவுக்கு உண்டு.

மொழிபெயர்க்கும்போது "கான்சர் என்று சொல்லாதேங்கோ, கட்டி என்று சொல்லுங்கோ" என்று என் காதுக்குள் சொல்லும் மகன்மார் இருக்கிறார்கள். அந்த அன்பு எனக்கு விளங்குகிறது. ஆனாலும் நான் சொல்லப்பட்டதையே சொல்கிறேன். பலமுறை அந்த அம்மாமார், "எனக்கு அப்பவே தெரியும், பிள்ளையள் தாங்காதுகள் என்றுதான் பேசாமல் இருந்தனான்" என்றிருக்கிறார்கள்.

அதே சட்டப்படி நோயாளி தன் கோப்பை முழுக்கப் பார்க்கலாம். முதல் பிரதிக்குப் பணம் கேட்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

பிள்ளைக்கு ஜேர்மன் நன்றாகத் தெரியும். அவனே மொழிபெயர்க்கலாம்தானே?

வளர்ந்த பிள்ளை, அவரும் விரும்பி, என்றால் சரி. பள்ளிப் பிள்ளையை அந்த நாற்காலியில் இருத்தாதீர்கள். அம்மாவின் மார்பைப் பற்றியும் அப்பாவின் சிறுநீரைப் பற்றியும் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை இரண்டு மொழியில் சொல்லவேண்டி வருகிறது. ஒரு பையன் "பேஸ்ஆர்ட்டிக்" என்ற சொல் வந்ததும் நிறுத்தி, "டொக்டர் திரும்ப வரச் சொல்றார்" என்று மட்டும் அம்மாவுக்குச் சொன்னான். அந்த ஒரு சொல்லை அவன் இரண்டு கிழமை தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்தான். பிறகு அவன் அக்காவிடம் சொல்லி அழுதபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

பேச்சு மொழிபெயர்ப்பாளருக்கான செலவைச் சட்டப்பூர்வக் காப்புறுதி பொதுவாகக் கொடுப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். ஆகவே நேரம் குறிக்கும்போதே ஆஸ்பத்திரியின் "ஸோட்சியால்டீன்ஸ்ட்" என்ற சமூகப் பிரிவைக் கேளுங்கள். சில இடங்களில் காணொளி வழியாக மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார், சில இடங்களில் தமிழ் தாதி இருக்கிறார்.

சந்தேகம் வந்தால் எங்கே கேட்பது?

ஹைடல்பெர்க் ஆராய்ச்சி மையம் நடத்தும் "கிரெப்ஸ்இன்ஃபோர்மாட்சியோன்ஸ்டீன்ஸ்ட்" தினமும் காலை 8 முதல் இரவு 8 வரை தொலைபேசியில் பதில் சொல்கிறது: 0800 420 30 40. பணம் இல்லை, பெயர் சொல்லத் தேவையில்லை. ஜேர்மன் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரைப் போட்டு, நோயாளியும் இருந்து கேளுங்கள்.

கடிதத்தையே எளிய ஜேர்மனில் எழுதித்தர "வாஸ் ஹாப் இஷ்" என்ற இலவச சேவை டிரெஸ்டனிலிருந்து 2011 முதல் நடக்கிறது. மருத்துவ மாணவர்களும் டொக்டர்களும் வரிவரியாக விளக்குகிறார்கள். பெயரையும் பிறந்த திகதியையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். எளிய ஜேர்மனில் வந்தபின் அதைத் தமிழில் சொல்ல உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கும்.